விளக்கு வைக்கிற நேரத்து சென்ட்

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் யாரோ தேங்காய் உடைத்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு மூடியும் மல்லாக்க இருந்தன. பக்கத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி ஒன்று பாதி எரிந்து அணைந்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை... சந்தேகம்தான். செய்வினையோ? அப்படியே இருந்தாலும் எனக்குச் செய்வினை வைத்து ஒருத்தர் என்ன கண்டார்? என் சொத்து ஒரு சைக்கிள், ஒரு ரேடியோ, பீரோ நிறையப் பழைய பத்திரிகை. எங்கள் ஆபீஸ் மேலதிகாரிக்கு என் மேல் கோபம் உண்டுதான். ஆனால் அவர் கைக்காசைப் போட்டுத் தேங்காய் வாங்குகிற மனிதர் இல்லை.

வாராவாரம் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வீடு தெரியும். ஆரப்பாளையத்தில் ஒரு காம்பவுண்டு. எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர் பைப்பு. அந்தப் பைப்படிச் சண்டைகளை வைத்தே எத்தனையோ வாரம் ஓட்டியிருக்கிறேன். என் மனைவி சரோஜா போன வருஷம் சித்திரையில் தவறிப்போனதும் உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கப்புறம் அவளைப் பற்றி நான் இங்கே எழுதியதில்லை. எழுதக் கூடாது என்று இல்லை... எழுத உட்காருவேன், ரேஷன் கடை க்யூவைப் பற்றி எழுதி முடித்திருப்பேன்.

இந்த வாரம் தப்பிக்க முடியாது போலிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவிடம் போய்க் கேட்டேன். எழுமலைப் பக்கத்துக்காரி. புருஷன் பஸ் கண்டக்டர். இவள் பைப்படியில் பேசினால் வைகை ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ரகசியக் குரலில் பேசினாள்.

"அண்ணே, அதத் தாண்டிப் போகாதீக. சுத்திப் போங்க."

"யாரும்மா வச்சது?"

"நாங்கதேன்."

"எதுக்கு?"

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"மதினி வந்துட்டுப் போறாகண்ணே."

மதினி என்றால் சரோஜா. என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள் அவளை வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

"தெனமும் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு உங்க வீட்டுப் பக்கமிருந்து பூ வாசம் வருது. மல்லி இல்ல, பிச்சி இல்ல, இந்த ஊருப் பூவே இல்ல. யாரு தலையிலருந்து வருதுன்னு எல்லாரு தலையையும் மோந்து பாத்தோம். எதுத்த வீட்டு வாத்தியார் சம்சாரம் தலையில நல்லெண்ண வாசந்தேன் வந்துச்சு. அப்பறந்தேன் எனக்குப் பொறி தட்டுச்சு. மதினி கிட்டத்துல வந்தா வருமே, அதே வாசம்! பூவும் பொட்டுமாப் போன மகராசி... மனசுல என்னமோ ஆசை இருக்கு. அதேன் வாராக."

கையைப் பாருங்க என்று சிலிர்த்துக்கொண்டு நின்ற ரோமத்தைக் காட்டினாள்.

அந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

என் வீட்டுப் பீரோவிலிருந்து வருகிறது.

சரோஜாவின் தம்பி குவைத்தில் இருக்கிறான். ஒரு தடவை லீவில் வந்தபோது எனக்குச் சட்டைத்துணியும், அக்காவுக்கு ஒரு சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்குகிற பாட்டில். தங்க நிற மூடி. மேலே அமுக்கினால் புஸ்ஸென்று வரும். டப்பாவுக்குள் ஒரு சின்னக் காகிதம் இருந்தது. சாயங்கால உடைகளுக்கு ஏற்றது, மணிக்கட்டில் இடவும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தார்கள்.

சரோஜா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நமக்கு ஏதுங்க சாயங்கால உடை? காலையில கட்டுன அதே சேலைதான்."

அந்த வாசனையை உங்களுக்கு எப்படிச் சொல்ல? அடித்ததும் பூ. என்ன பூ என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நம் மல்லிகை மாதிரி மண்டைக்கு ஏறாது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பூ ஒதுங்கிக்கொள்ளும்... மெதுவாக ஒரு பவுடர் வாசனை வரும். முகம் கழுவி, பவுடர் போட்டு, எங்கேயோ கிளம்பத் தயாராக நிற்கிற ஒருத்தியின் வாசனை.

ஆனால் மதுரையில் ஒரு குடும்பப் பெண் சென்ட் போடுவது லேசுப்பட்ட காரியமா? இந்த ஊரில் வாசனை என்றால் அது தலையில் இருக்க வேண்டும், பூக்காரியிடம் முழம் போட்டு வாங்கியதாக இருக்க வேண்டும். எவ்வளவு மல்லிகை வைத்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு வந்தால் போதும்... பைப்பில் தண்ணீர் வரும் வரைக்கும் அதுதான் பேச்சு. "அவுக ஒரு மாதிரி" என்று ஆரம்பித்து, கல்யாணத்துக்கு முந்தைய கதை வரை போய்விடுவார்கள்.

சரோஜா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மணிக்கட்டில் சென்ட், தலையில் ஒரு முழம் பூ. யாராவது, "மதினி, இதென்ன பூவு? புதுசா இருக்கே?" என்று கேட்டால், "பூக்காரியைக் கேளுங்க" என்று சொல்லிவிடுவாள். பாவம் அந்தப் பூக்காரி! அவள் கூடையை எத்தனை பேர் கிளறிப் பார்த்திருப்பார்களோ.

சரோஜா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு பகல் முழுவதும் யார் யாருக்கோ லைன் கொடுப்பாள். சாயங்காலம் வந்து முகம் கழுவி, வேறு சேலை கட்டி, சென்ட் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். ஒருநாள் கேட்டேன்.

"இம்புட்டு அலங்காரம் பண்ணி எங்கே கிளம்பிட்டே?"

"எங்கேயும் இல்லை. நாள் பூரா வெறும் குரலாவே இருந்துட்டேன். சாயங்காலமாவது ஆளா இருந்துக்கிறேனே."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் சாயங்காலம் என்றால் நானும் அவளும்தான். மேலே இரண்டு நாற்காலி. பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். கோபுர விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். கீழே பேச்சியம்மா யாரைத் திட்டுகிறாள் என்று கேட்போம். அந்த வாசனை பக்கத்து நாற்காலியில் இருந்து வந்துகொண்டே இருக்கும், சாப்பாட்டுக்கு இறங்குகிற வரைக்கும்.

அவள் போன பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். பகலைப் பற்றிக் கவலையில்லை, ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். ராத்திரியைத் தூக்க மாத்திரை பார்த்துக்கொள்ளும். இந்தச் சாயங்காலத்தைத்தான் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ரேடியோ செய்தி முடியும். மெஸ்ஸிலிருந்து டிபன் கேரியர் வர நேரமிருக்கும். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே... மனிதனைத் தின்றுவிடும். அய்யோ என்று கத்தலாம் போலிருக்கும். யாரிடம் கத்துவது? ரேடியோவிடமா?

ஆடி மாதம் பீரோவில் கரப்பான் தொல்லை என்று சாமான்களை எடுத்து வைத்தபோதுதான் அந்தப் பாட்டில் கையில் பட்டது. முக்கால்வாசி தீர்ந்திருந்தது. நான் எதற்கு மணிக்கட்டில் போட? சும்மா காற்றில் ஒரு தடவை அமுக்கினேன்.

வந்துவிட்டாள்!

அப்படித்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு பவுடர் போடுகிறாள் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்துவிட்டேன் என்றால் பாருங்களேன். அதிலிருந்து தினமும் விளக்கைப் போட்டதும் ஒரு அமுக்கு. அதற்கு மேல் இல்லை. தீர்ந்துவிடுமே.

ஒரே ஒரு குறை. காற்றில் அடித்த வாசனை நிற்பதில்லை. வந்த வேகத்தில் போய்விடும். எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை. பேச்சியம்மா சொன்ன பிறகுதான் புரிந்தது. என் ஜன்னல் வழியே போய், நேராக அவள் அடுப்படிக்குள் நுழைந்திருக்கிறது. அடித்தது நான், அனுபவித்தது காம்பவுண்டு.

புதன்கிழமை காலையில் ஒரு தூதுக்குழுவே வந்துவிட்டது. முன்னால் பேச்சியம்மா. பின்னால் எதிர் வீட்டு சயன்ஸ் வாத்தியாரும் அவர் சம்சாரமும்.

"வார வெள்ளிக்கெழம மதினிக்குப் படையல் போட்டுருவோம்ணே. எங்க ஊர்ல அப்படித்தேன். அவுகளுக்குப் புடிச்சத ஆக்கி, புதுச் சேலை வச்சுக் கும்பிட்டா, நிம்மதியாப் போயிருவாக. அதுக்கப்பறம் அந்த வாசம் வராது."

"வராதா?"

"வரவே வராது. வந்தா, அவுக இன்னும் நிம்மதியாகலன்னு அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்றது. இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்தீர்களா? அவளை அனுப்பி வைக்கப் போகிறார்களாம். நாளுக்கு ஒரு அமுக்கு என்று நான் சேர்த்து வைத்திருக்கிற சரோஜாவை, தேங்காய் பழம் வைத்து வழியனுப்பப் போகிறார்களாம். அதற்கப்புறம் நான் எப்படி அந்தப் பாட்டிலைத் தொடுவது?

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது சார். ஆனா வாசனைன்னு ஒண்ணு வருதே... வரத்தானே செய்யுது?" அவர் நெற்றியில் விபூதி அன்றைக்கு வழக்கத்தைவிட அகலமாக இருந்தது.

இனி மறைத்துப் பயனில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. நரைத்த மீசையோடு ஒரு ஆம்பளை, தினமும் பொம்பளை சென்ட்டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று காம்பவுண்டு முழுக்கத் தெரியப் போகிறது. தெரிந்தால் தெரியட்டும். பீரோவைத் திறந்து பாட்டிலை எடுத்து வந்தேன். அவர்கள் கண் முன்னாலேயே ஒரு அமுக்கு.

வாத்தியார் சம்சாரம் ஓரடி பின்வாங்கினார். பேச்சியம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"இதேன்... இதேதேன்."

"பார்த்தியா? வெறும் சென்ட். குவைத்துல இருந்து வந்தது. படையல், கிடையல் எல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

விவகாரம் முடிந்தது என்று நினைத்தேன். பேச்சியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிண்ணே. பாட்டிலுதேன். ஒத்துக்கிறேன். மதினி போனதுலருந்து பீரோவுல சும்மா கெடந்த பாட்டில, இப்ப எடுக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை. எனக்காத் தோணிச்சு."

"அதுவும் வெளக்கு வைக்கிற நேரத்துக்குன்னு பாத்துத் தோணுது?"

"ஆமா."

"தெனமும்?"

நான் பாட்டிலை மூடினேன்.

"அதத்தேன் அண்ணே நானும் சொல்றேன்."

வாத்தியார் மெதுவாகத் தலையை ஆட்டினார். "லாஜிக் சரியாத்தான் இருக்கு சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பெண்டாட்டியை அனுப்பி வைக்க நீங்கள் யார் என்று கேட்டே விட்டேன். வாத்தியாரும் சம்சாரமும் நைசாக நழுவிவிட்டார்கள். பேச்சியம்மா மட்டும் நின்றாள். அவளுக்குத் திட்டு வாங்குவதும் கொடுப்பதும் பழக்கம்தானே.

"கோவிச்சுக்கிறாதீகண்ணே. என் அடுப்படியிலருந்து பாத்தா உங்க கூடம் தெரியும். ரேடியோவப் போட்டு விட்டுட்டு அந்த ரேடியோவையே பாத்துக்கிட்டு இருக்கீக. அது நின்னு போயி அம்புட்டு நேரமாகியும் பாத்துக்கிட்டே இருக்கீக. எனக்குக் கொழம்பு எறங்க மாட்டேங்குது. மதினி போகலன்னா நீங்களும் அந்தச் சேரவிட்டு எந்திரிக்க மாட்டீக."

நான் இத்தனை நாள் தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டு குழம்பு வைத்திருக்கிறாள்.

"சரிம்மா" என்றேன்.

"மதினிக்கு என்ன புடிக்கும்?"

"கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு."

பேச்சியம்மா சிரித்தாள். "அது உங்களுக்குப் புடிக்கும்ணே. அவுகளுக்குக் கத்திரிக்கா ஆகாது, ஒடம்பு அரிக்கும். மதினிக்குப் பருத்திப்பாலுதேன். ஆபீஸ் விட்டு வரையில தெரு முக்குல நின்னு ஒரு டம்ளர் குடிச்சிட்டுத்தேன் வீட்டுக்கு வருவாக."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. அவள் போட்டோவுக்கு மாலை. அரக்குக் கலரில் புதுச் சேலை, வளையல், பூ. ஒரு பித்தளைப் போணி நிறையப் பருத்திப்பால். பக்கத்தில் அந்தப் பாட்டில். பேச்சியம்மாவின் கட்டளை அது. நான் சூடம் காட்டினேன். கும்பிட்டு முடிந்ததும் குங்குமம், பூ எல்லாம் பெண்களுக்குக் கொடுத்தார்கள். பேச்சியம்மா என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"சந்தனம் குடுக்கிற மாதிரி, அதுலயும் ஆளுக்குக் கொஞ்சம் குடுங்கண்ணே. மதினி பிரசாதம்."

பாட்டிலில் இருப்பதே கொஞ்சம். எனக்கு அது எத்தனை சாயங்காலம்! இவளுக்கு என்ன தெரியும்? ஆனால் நீட்டிய கையை மடக்கச் சொல்ல முடியவில்லை. மணிக்கட்டில் அடித்தேன். அடுத்து வாத்தியார் சம்சாரம். அடுத்து கடைசி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். ஒவ்வொருத்தியும் வாழ்க்கையில் முதல்முறையாக சென்ட் போடுகிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. வெட்கமும் சிரிப்புமாக மணிக்கட்டை மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு மாதிரி" என்று யாரும் சொல்லவில்லை. சாமி காரியமாயிற்றே!

"அப்படியே மதினி வாசம்!" என்றாள் பேச்சியம்மா.

எனக்கு இலை போட்டு உட்கார வைத்தார்கள். ஆளுக்கொன்று பரிமாறினார்கள். குனிந்து பரிமாறுகிற ஒவ்வொரு கையும் என் மூக்குக்கு நேராக வந்துதான் இலைக்குப் போயிற்று.

பேச்சியம்மா சோறு வைத்தாள். பூ வாசனை இருந்தது. அடியில் பெருங்காயம் வந்தது.

வாத்தியார் சம்சாரம் கூட்டு வைத்தார். பவுடர் இருந்தது, கூடவே சோப்பு.

அந்தப் புதுப்பெண் அப்பளம் வைத்தாள். அவள் கையில் அந்த வாசனை வேறு என்னமோவாக, மருதாணியும் வெயிலுமாக மாறியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியாத வாசனை.

ஒன்றுகூட சரோஜா இல்லை.

இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை சாயங்காலம் பக்கத்து நாற்காலியில் இருந்து வந்த வாசனையில் பாதிதான் குவைத்துப் பாட்டில். மீதிப் பாதி அவள். அவளுடைய தோல், அவளுடைய சூடு, பகலெல்லாம் குரலாக இருந்துவிட்டு வந்த அலுப்பு. அந்தப் பாதியை எந்தக் கம்பெனியும் அடைத்து விற்கவில்லை. நான் பீரோவில் பூட்டி வைத்துக் காப்பாற்றியதெல்லாம் கடையில் கிடைக்கிற பாதியைத்தான். 

அழுகை வந்தது. அழுதேன். குழம்பு காரம் என்று நினைத்துப் புதுப்பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சனிக்கிழமை விளக்கு வைத்ததும் பேச்சியம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"வாசமே இல்லண்ணே! மதினி போயிட்டாக. நிம்மதியாப் போயிட்டாக."

"ஆமாம்மா" என்றேன்.

பாட்டிலின் அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடிக்கலாமே என்பீர்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்தினால் அடுத்த படையல் எனக்குத்தான். தவிரவும், ஒரு இணுக்கு வாசனை அந்த அடுப்படிக்குப் போய்விட்டால் பேச்சியம்மா உடைந்துபோவாள். அதைவிட... அடித்தாலும் இனி யாரும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கப் போவதில்லை. எனக்குத்தான் தெரிந்துவிட்டதே.

செத்தவர்களை நிம்மதியாக அனுப்பி வைக்க நம்மிடம் அம்புட்டுச் சாங்கியம் சடங்கு இருக்கிறது. உயிரோடு இருக்கிறவன் ஒரு சாயங்காலத்தை வழியனுப்பி வைக்க உங்கள் ஊரில் ஏதாவது இருந்தால், ஒரு கார்டு போடுங்கள்.